மேஸ்திரியா, மேஸ்திரி சம்சாரமா?

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதத்தில் ஒட்டியிருந்த சிமெண்டுப் பால் காய்ந்துபோய், விரலை அசைத்தால் வெடித்து உதிர்ந்தது. காலடியில் சாம்பல் கலரில் தூள். ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்தார். பெருக்கச் சொல்லலாமா என்று யோசித்தவர் மாதிரி நின்றுவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் கட்டட வேலைச் செட்டு ஆம்பளைகள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுப் பக்கத்தில் சரோஜா. அவள் புருஷன் ஏழுமலையை அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். உயிரைக் காப்பாற்ற இல்லை. அறுத்துப் பார்க்க.

இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து வந்தார். வயசானவர். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மேஸ்திரி யாரு?"

மேலே மின்விசிறி கிரீச் கிரீச் என்று சுற்றியது.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். ஆனால் நேராக அங்கே போனால் உங்களுக்கு விளங்காது. போன வாரம் கிணற்று வேலையை எழுதும்போது அவசரமாக ஓடிவிட்டேன் என்று யாரோ குறைப்பட்டார்களாம். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். அதனால் என் நடைக்கே வாருங்கள்.

பின்னால் ஒட்டிய அம்மா

எங்கள் வடக்குப்பட்டுப் பக்கத்தில் ஒரு ஆம்பளைக்குப் பதவி வந்தால் கூடவே பேரும் வந்துவிடும். மணியக்காரர், நாட்டாமை, தலைவர், மேஸ்திரி. அப்புறம் அவரைப் பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் நினைவிருக்காது.

அதில் வீட்டிலிருக்கிற சம்சாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மணியக்காரம்மா, நாட்டாமைக்காரம்மா, தலைவரம்மா. அந்த அம்மா ஒரு வேலையும் செய்ய வேண்டாம். புருஷன் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். புருஷன் செத்தாலும் அந்தப் பேர் போகாது. ஆனால் அவர் இடுப்பிலிருந்த சாவி மட்டும் வேறு யாரோ ஆம்பளை இடுப்புக்குப் போய்விடும்.

சரி, ஒரு பொம்பளையே அந்த வேலையைச் செய்தால் அவளுக்கு என்ன பேர்? எங்கள் ஊரில் அதற்கு ஒன்றும் கிடையாது. என்னைப் பெற்றவள் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவாள். எந்தக் கழனிக்கு எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் நிற்பது, எப்போது கரையேறுவது எல்லாம் அவள் வாய்தான். கழனிக்காரர் அவளை எப்படிக் கூப்பிடுவார் தெரியுமா? "ஏ நெட்டச்சி!" அவள் உசரமாக இருப்பாள். அதுதான் அவளுக்குக் கிடைத்த பட்டம்.

தண்டலம் போகிற வழியில் அப்போது ஒரு கன்னியாஸ்திரீகள் மடம் இருந்தது. கல்யாணமான புதுசில் அங்கே கோழிக்கூடு கட்ட நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் மேஸ்திரி, கன்னியப்ப மேஸ்திரி. நான் சித்தாள். கல் எடுத்துக் கொடுப்பேன், கலவை சுமப்பேன். மடத்தில் பெரியவங்க ஒருத்தர் இருந்தார். நல்ல கறுப்பு, குள்ளம், வெள்ளை அங்கி. எல்லாரும் 'மதர்' என்பார்கள். அந்த அம்மா வந்து நின்றால் என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "இன்னாய்யா, எனக்கு முன்னாடி ஒரு நாளாவது அப்பிடி கைய கட்டிக்கினு நின்னுகீறியா?"

"அந்தம்மா மதரு."

"யாருக்கு மதரு? கல்யாணமே கட்டல, புள்ளயும் இல்ல."

"அதான் பாரு. புருஷனும் இல்ல, புள்ளயும் இல்ல. ஆனா அம்மான்னு கூப்ட வச்சிக்கினாங்க."

"எனக்கும் அப்பிடி ஒரு பேரு வேணும்."

"ஒனக்குத்தான் நான் கீறனே. மேஸ்திரியம்மா. பத்தாதா?"

சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். நானும் சிரித்தேன். அப்போது பத்துகிற மாதிரிதான் இருந்தது.

ரெண்டு குரல்

அவர் மஞ்சள் காமாலையில் போனார். கண்ணெல்லாம் மஞ்சளாகி, கடைசியில் நகம்கூட மஞ்சள். பத்தியத்தில் இருக்கும்போதும் என்னிடம் வேலையைப் பற்றித்தான் பேசினார். அந்தக் காலத்தில்தான் ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்காகக் கம்பி வேலி போட ஆரம்பித்திருந்தார்கள். நேற்று வேர்க்கடலை பிடுங்கின நிலத்தில் இன்றைக்கு அஸ்திவாரம் தோண்டுவார்கள். வேலை நிறைய இருந்தது. செட்டை உடைய விடாதே என்றார்.

செட்டு ஆள்களைக் கூட்டி வருவது ரொம்ப நாளாகவே நான்தான். அது கான்ட்ராக்டருக்கும் தெரியும். "ஆள் கொண்டாந்தா எனக்கு யாரா இருந்தா இன்னாம்மா" என்றார். அவருக்கு அது போதும். எங்கள் ஆம்பளைகளுக்குப் போதவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். ஏழுமலைதான் எல்லாருக்குமாகப் பேசினான். நல்ல கொத்தனார், கை சுத்தம், வாய் நீளம்.

"வேலைக்கு வர்றோம் மேஸ்திரியம்மா. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா பொம்பள கொரலுக்கு சாரம் ஏறி எறங்கனா, ஊர்ல சிரிப்பாங்க. எங்கள வுடு, செத்துப்போன மேஸ்திரியத்தான் சிரிப்பாங்க."

எங்கள் செட்டில் ஒரு கட்டு இருந்தது. மேஸ்திரி கீழே நின்று குரல் கொடுக்காமல் சாரத்தில் ஒருத்தரும் ஏறக்கூடாது, குரல் கொடுக்காமல் இறங்கவும் கூடாது. என் வீட்டுக்காரர் வைத்த கட்டு. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு ஏறி இறங்கினால் பலகை தூக்கும், ஆள் விழும். கையாலேயே ஒருத்தனைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அதனால் அந்தக் கட்டை யாரும் மீற மாட்டார்கள்.

கடைசியில் டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். என் கொழுந்தன் தேவராஜ் பக்கத்தில் நிற்கட்டும். நான் சொல்வதை அவன் திருப்பிச் சொல்லட்டும். ஆம்பளைகளுக்கும் குறைவில்லை, வேலையும் நடக்கும். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

அப்படியே நடந்தது. நான் "கலவை வரட்டும்" என்பேன். தேவராஜ் "கலவை வரட்டும்" என்பான். அப்புறம்தான் மேலே கை அசையும். நான் "எறங்கு" என்றால் எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு நிற்பார்கள். அவன் "எறங்கு" என்றதும் இறங்குவார்கள். பழகப் பழக யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

சித்தாள் பொம்பளைகளுக்கு மட்டும் ரெண்டாவது குரல் தேவைப்படவில்லை. அவர்களுக்கு நான் அக்கா. சரோஜா சொல்வாள், "அக்கா கொரலு நமக்கு, தேவராஜு கொரலு எரும மாடுங்களுக்கு." ஏழுமலைக்குக் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்வாள்.

அவனும் விடமாட்டான். காலையில் வந்ததும் ஆரம்பிப்பான்.

"மேஸ்திரியம்மா, ராத்திரி மேஸ்திரி கனவுல வந்தாரா? இன்னிக்கி இன்னா வேலைன்னாரு?"

"ஏழுமல வாயில கலவைய வச்சி பூசச் சொன்னாரு."

எல்லாரும் சிரிப்பார்கள். அவன்தான் ரொம்ப சிரிப்பான். கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனால் எனக்கும் விபூதி மடித்துக்கொண்டு வருவான். கெட்டவன் என்று அவனை என்னால் எழுத முடியாது.

வேட்டியும் துண்டும்

அது தொண்ணூத்தி ஒண்ணு. குண்டு வெடித்துத் தலைவர் செத்து, எங்கள் தாலுகாப் பேர் ரேடியோவில் ஓயாமல் அடிபட்ட வருஷம். அந்தக் கோடை முழுக்க ரோட்டில் போலீஸ். முகம் புதுசாக இருந்தால் நிறுத்திக் கேட்பார்கள், யார் வீடு, எந்த ஊர், கூட யார். ஜீப்பு சத்தம் கேட்டால் எங்கள் ஆள்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பயம், அவ்வளவுதான்.

புதுசாக வந்த ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத் தளம் போடுகிற நாள். முந்தின நாள் கோடை மழை. மண் ஊறிக் கிடந்தது.

தளம் போடுகிற அன்றைக்குப் பூஜை உண்டு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மேஸ்திரிக்குத் தட்டில் வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுப்பார்கள். முதல் சட்டிக் கலவையை மேஸ்திரிதான் கொட்டுவார். பழைய பழக்கம். கம்பெனி மேனேஜர் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கான்ட்ராக்டர் தேவராஜ் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார்.

நான் கலவை மெஷினுக்குப் பின்னால் நின்றேன். புருஷன் இல்லாதவள் கற்பூரத்துக்கு முன்னால் போய் நிற்கிற வழக்கம் இல்லை. யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன். கற்பூர வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தது.

சரோஜா வந்து இடித்தாள். "இன்னாக்கா இது? தேவராஜு புது மாப்ள கணக்கா துண்ட போட்டுக்கினு நிக்குது."

"ஒனக்கு இன்னாடி? நான் வேட்டி கட்டிக்கினு போவனுமா?"

"பொடவ குடுக்கலாம் இல்ல?"

போய் சும்மாட்டைச் சுருட்டு என்றேன். எனக்கு உறைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கற்பூரமும் டீசலும் சேர்ந்து வருகிற இடத்தில் என் நடை நின்றுவிடும்.

எறங்கு

பொம்பளைகள் சாய்வுப் பலகையில் வரிசையாக நின்று சட்டி கைமாற்றினார்கள். மேலே ஆம்பளைகள் கொட்டி, இழுத்து, மட்டம் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு டீசல் குறைகிறது என்று தேவராஜ் கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மேலே எல்லாரும் வேலையில் இருந்தார்கள். அவன் போனதை யாரும் கவனிக்கவில்லை.

தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்த கட்டைகள் வரிசையாக நிற்கும். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு முட்டு காலடி மண்ணில் புதைந்து, குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து முட்டு முனகியது. மரம் முனகுகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? மாடு ஈனும்போது வருகிற மாதிரி இருக்கும்.

வெளியே ஓடி வந்தேன். முந்தானை கம்பியில் மாட்டிக் கிழிந்தது.

"எறங்கு! எல்லாம் எறங்கு! தளம் உக்காருது!"

பொம்பளைகள் சட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பலகையில் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்திகூட மேலே நிற்கவில்லை.

ஆம்பளைகள் வேலையை நிறுத்தினார்கள். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், தேவராஜ் எப்போதும் நிற்கிற இடத்தைப் பார்த்தார்கள்.

"எறங்குடா! ஏழுமல, எறங்குடா!"

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "மேஸ்திரியம்மா கத்துது. தேவராஜு இன்னா சொல்றான் பாரு." யாரோ சிரித்தார்கள். மெஷின் இரைச்சலில் யார் குரல் என்று தெரியவில்லை. ஏழுமலைதான் என்று நினைத்தேன். அவன்தானே அப்படிப் பேசுவான்.

அப்புறம் தளம் உட்கார்ந்தது. பெரிய சத்தம் எல்லாம் வரவில்லை. ஈரக் கலவைதானே. பெரிய மூட்டையைக் கீழே போட்டது மாதிரி ஒரு சத்தம். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஓரத்தில் நின்றவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தார்கள். கை கால் முறிந்தவர்கள் உண்டு. நடுவில் நின்றவன் ஏழுமலை. கையாலேயே தோண்டினோம். கலவை இறுகுவதற்குள் எடுக்கவேண்டும் என்று சரோஜா சொல்லிக்கொண்டே தோண்டினாள். அழவில்லை. அவசரம் அவளுக்கு.

கேள்வி

இப்போது ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

"மேஸ்திரி யாருன்னு கேட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தேவராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். காலையில் கொடுத்த துண்டு இன்னும் அவன் தோளில் இருந்தது. மஞ்சள் காயாத புதுத் துண்டு.

"எங்க அண்ணன் மேஸ்திரி செத்ததுலேர்ந்து அண்ணிதான் சார் மேஸ்திரி. நான் டீசல் வாங்க போனவன் சார்."

"யாரு அண்ணி?"

சுவரோரம் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் என்னைக் காட்டினார்கள். "இவங்கதான் சார் மேஸ்திரி." "மேஸ்திரி இவங்கதான் சார்." ஒருத்தன் எழுந்து நின்றுகூடச் சொன்னான். இத்தனை வருஷம் அவர்கள் வாயில் வராத பேர். அன்றைக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. பின்னால் அம்மாகூட ஒட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் அவர்களைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"வெக்கமா இல்லடா ஒங்களுக்கு? புருஷன் போனவள மாட்டிவுட்டுட்டு தப்பிக்க பாக்கறீங்களா? பொம்பள எங்கடா மேஸ்திரி வேல பாத்தா?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். குரலைத் தணித்துக் கேட்டார். அந்த மனுஷன் நல்லவர். அதையும் எழுதவேண்டும்.

"பயப்படாதம்மா. நீ மேஸ்திரியா, மேஸ்திரி சம்சாரமா?"

கான்ட்ராக்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சம்சாரம் என்று சொல், வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அவருக்கு என் மேல் இரக்கம் எல்லாம் இல்லை. என் பேர் எழுதினால், பொம்பளையை வைத்து ஏன் வேலை வாங்கினாய் என்று அவரைக் கேட்பார்கள்.

சம்சாரம் என்று சொன்னால் பொய்யும் இல்லை. நான் கன்னியப்ப மேஸ்திரி சம்சாரம்தான். சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். தேவராஜ் உள்ளே போவான்.

சரோஜாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நகக்கண்ணில் இறுகிப்போன சிமெண்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நான் சம்சாரம் என்றால், வெயிலில் நின்று நான் போட்ட சத்தம் ஒரு பொம்பளை பயந்து கத்தினது. அவ்வளவுதான். யாரும் இறங்கச் சொல்லவில்லை என்று ஆகிவிடும். நான் மேஸ்திரி என்றால்தான் அது உத்தரவு. இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது, கேட்டவர்கள் பிழைத்தார்கள் என்று ஒரு இடத்திலாவது இருக்கும்.

எழுந்து நின்றேன். காலிலிருந்து சிமெண்டு உதிர்ந்தது.

"நான்தான் மேஸ்திரி, ஐயா. எறங்குன்னு கொரல் குடுத்தேன். பொம்பளைங்க எறங்கனாங்க. ஆம்பளைங்க எறங்கல. எழுதிக்கோங்க."

"தெரிஞ்சிதான் சொல்றியா? உள்ள வெப்பாங்கம்மா."

"தெரிஞ்சிதான் சொல்றேன்."

அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். அப்புறம் எழுதினார்.

அதற்கப்புறம்

உள்ளேதான் வைத்தார்கள். அங்கே காவலுக்கு வருகிற பொம்பளையை எல்லாரும் 'அம்மா' என்போம். "அம்மா வர்றாங்க" என்றால் எழுந்து நிற்போம். அந்த அம்மாவின் புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மணியக்காரம்மா நினைவு வரும்.

ஜாமீனில் வந்தபோது செட்டு இல்லை. தேவராஜ் வேறு கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாகியிருந்தான். ரோட்டில் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வான். என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கேஸ் வருஷக்கணக்கில் இழுத்து, ஆளில்லாத கழனி மாதிரி கடைசியில் காய்ந்துபோனது. மண் ஊறியிருந்தது என்று எழுதி மூடினார்களாம்.

சரோஜா நான் வந்த கொஞ்ச நாளில் வந்தாள். சாபம் கொடுக்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். என் நெற்றி மாதிரியே அவள் நெற்றி.

"ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லல."

"உள்ள வா."

"வேணாம். அன்னிக்கி தேவராஜ கேட்டது எங்க வூட்டுக்காரரு இல்ல. வேற ஆளு. நான் பலகையில எறங்கறப்போ திரும்பி பாத்தேன். அவரு ஒங்க கொரலு கேட்டாரு, மேஸ்திரி. எறங்க கால் எடுத்தாரு. நான் பாத்தேன். அந்த ஆளு சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. இவரு அவங்க மூஞ்சிய பாத்தாரு. எடுத்த கால அங்கயே வச்சிட்டாரு."

அவள் அழவில்லை. தெருவில் ஒரு லாரி ஜல்லி ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் புழுதி அடங்குகிற வரைக்கும் ரெண்டு பேரும் நின்றோம். அப்புறம் அவள் போய்விட்டாள்.

அவள் என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது சாயங்காலம் உலை வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பேருக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். அன்றைக்கு என் நினைவில் நின்றது அது இல்லை. ஏழுமலை எடுத்து, திரும்ப அங்கேயே வைத்த அந்தக் கால்தான்.